இல்லாத ஸ்பெஷல் கிளாஸ்

விழுப்புரத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். வகுப்பறையில் தர்மசங்கடம் வந்தால் மூன்று விதமாக யோசிக்கலாமாம். செய்தால் என்ன ஆகும் என்று விளைவைப் பார்ப்பது ஒன்று. என்ன ஆனாலும் கடமையை விடாமல் பிடித்துக்கொள்வது இன்னொன்று. நல்ல மனுஷன் இந்த இடத்தில் என்ன செய்வான் என்று கேட்டுக்கொள்வது மூன்றாவது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததால் மூன்றாவதை நான் கண்ணை மூடித்தான் கேட்டேன். திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் யாரிடமாவது இதைச் சொல்லிக் காட்டலாம் என்று பார்த்தால், பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் தூங்கிவிட்டார்.

திண்டிவனத்தில் எனக்கு ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு ரூம். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். வார நாட்கள் பள்ளிக்கூடத்தில் ஓடிவிடும், சனிக்கிழமைதான் பேஜாரு. ஒருநாள் தோசையைத் திருப்பும்போது "பாத்து, பாத்து" என்று எனக்கு நானே சொல்வது காதில் விழுந்தது. பயந்துபோய் லீவு நாளிலும் ஸ்டாஃப் ரூமில் போய் உட்கார ஆரம்பித்தேன்.

அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என் வகுப்பு, பன்னிரண்டாவது, முதல் ரேங்க். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். பள்ளியைக் கூட்ட வரும் அக்கா கேட்டைத் திறந்ததும் வந்து, வராந்தா கோடியில் உட்கார்ந்து படிப்பாள். வீட்டில் ஒரே அறை, அதில் டிவி, அவளுடைய சொந்த அக்காவின் குழந்தைகள்.

"வூட்ல ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு வந்துருக்கேன் சார்" என்றாள்.

ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டால் நம் ஊர் வீடுகளில் மறுபேச்சு கிடையாது. காதுகுத்து, திருவிழா எல்லாவற்றையும் அது ஜெயித்துவிடும். நானும் ஸ்டாஃப் ரூம் நாற்காலியை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி.

பிறகு அவள் அப்பா போன் செய்தார். கடலுக்குப் போகிறவர்.

"சார், பாப்பா வாரா வாரம் ஸ்பெஷல் கிளாஸ்னு கெளம்பி வந்துக்கினு இருக்குது. நெஜமா வெக்கிறீங்களா?"

உண்மையைச் சொன்னால் அடுத்த சனிக்கிழமை அவள் அக்கா குழந்தைகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பாள். விளைவை எடைபோட்டேன். "ஆமாங்க."

"எதிர்வூட்டுப் பொண்ணும் அதே கிளாஸ்தான். அது போவலியே?"

பொய்க்கு யாரும் பயிற்சி வைக்கவில்லை. "அது... சுமாரா படிக்கிற பசங்களுக்கு மட்டும்ங்க."

"எம்பொண்ணு சுமாராங்க சார்?" குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "படிப்பு வரலன்னா வுட்டுடும்மா, கஷ்டப்படாதன்னு எங்கப்பா சொல்றாரு சார். பாசமா சொல்றாரு. திட்டினாக்கூட பரவால்ல."

எடைபோட்டபோது தராசில் நானும் ஏறி நின்றிருக்கிறேன். அவள் வராமல் போனால் வராந்தாவில் எனக்கும் ஆள் கிடையாது. அவளுக்காகச் சொன்ன பொய்யில் பாதி எனக்காகச் சொன்னது.

சாயந்திரம் நானே போன் போட்டேன். "ஸ்பெஷல் கிளாஸே இல்லீங்க. நான் சொன்னது பொய். உங்க பொண்ணுதான் கிளாஸ்ல முதல். அமைதியா தனியா உக்காந்து படிக்கத்தான் வருது."

"தனியாவா?" பொய்யைவிட அவருக்கு இதுதான் அதிர்ச்சி. "தனியா குந்திக்கினு இன்னா சார் பண்ணும்?"

இந்தப் பாடத்தில் மாவட்டத்திலேயே நான்தான் அனுபவஸ்தன். "சில பேருக்கு அது புடிக்கும்ங்க. அப்பதான் மனசு ஒரு எடத்துல நிக்கும்." எனக்கு நிற்காது என்பதைச் சொல்லவில்லை.

"கூட யாரு இருப்பாங்க?"

"கூட்டுற அக்கா இருக்காங்க. நானும்..."

"அக்கா இருக்காங்கல்ல, போதும் சார். பாப்பா வரட்டும். லீவு நாள்ல நீங்க எதுக்கு பாவம் வந்துக்கினு? ரூம்ல ரெஸ்ட் எடுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். வயசுப் பெண்ணின் அப்பா வேறு எப்படிச் சொல்வார்? "சரிங்க" என்றேன்.

சனிக்கிழமை கூட்டுகிற அக்காவுக்குப் போன் போட்டு விசாரித்தேன்.

"வந்துருச்சு சார். கோடியில குந்திக்கினு படிக்குது. நீங்க வர்லியா?"

"ரூம்ல கொஞ்சம் வேலை இருக்குக்கா."

வைத்த பிறகு, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டோமே என்று, துவைத்து மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து மறுபடியும் ஊறப்போட்டேன்.