ஜன்னல் துடைக்கிற வினிகர்

மிஷன் பள்ளியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா வீட்டில் நான் சமையல் வேலை பார்த்தபோது அங்கே ஒரு மஞ்சள் பூனை இருந்தது. திடீரென்று அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதுகெலும்பு துருத்தி நிற்க, வயிறு மட்டும் வீங்கிக்கொண்டே வந்தது. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் சோறு குழையும், நான் பூனையின் பக்கத்தில் நிற்பேன்.

அட்டுவம்பட்டியிலிருந்து மாட்டு டாக்டர் பைக்கில் வந்தார். வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுத்தார். விளக்கெண்ணெய் நிறத்தில் பிசுபிசுப்பாக வந்தது.

“பூனைக்கு வர்ற கொரோனான்னு ஒரு கிருமிங்க டீச்சர். நெறைய பூனைக்கு வயித்துல சும்மா கெடக்கும். ஒண்ணு ரெண்டுலதான் மாறிப்போயி ஆளைச் சாய்ச்சுரும். அதுக்கு மருந்து கெடையாது. ஆசிட் கலந்த தண்ணியில இந்த நீரை ஒரு சொட்டு விட்டுப் பாத்தா ஓரளவு தெரியும். எங்கிட்ட ஆசிட் தீந்துபோச்சு. வினிகர் இருக்காக்கா?”

ஓடிப்போய் எடுத்து வந்தேன். கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் வினிகரைக் கலக்கி, பூனையின் நீரை ஒரு சொட்டு விட்டார். கரைந்து காணாமல் போனது.

“அது இல்ல போலிருக்குங்க. கரையாம நின்னாத்தான் பயம். வேற என்னமோ கெடக்கு. நாளைக்கு வயித்தைத் தொறந்து பாத்துருவோம்.”

“ஏலே மஞ்சளு, பொழைச்சுக்கிட்டலே!” என்று டீச்சரம்மா சிரித்தார்.

பாட்டிலைத் திரும்ப வைக்கப் போனேன். ஊறுகாய் வினிகர் அலமாரியிலேயே இருந்தது. என் கையில் இருந்தது, ஜன்னல் கண்ணாடி துடைக்க நானே முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி வைத்தது.

ஆண்கள் முகம் பார்த்துப் பேசிப் பழகாதவள் நான். ஐந்தாவது படித்தவள் டாக்டரிடம் எப்படிச் சொல்வது? முந்தானையை முறுக்கிக்கொண்டு அடுப்புக்கும் கதவுக்கும் நடந்தேன். பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது. சும்மா இருந்தால் வீணாக வயிற்றைக் கிழிப்பார்கள்.

வாசலுக்கு ஓடினேன். “டாக்டர் சார், அது கண்ணாடி தொடைக்கிறதுங்க. தண்ணி ஊத்துனது.”

“அடக் கடவுளே! பூனைக்குப் பாலீஷ் போட்டமாக்கா?” என்று இறங்கி வந்தார்.

இந்த முறை, ஊறுகாய் வினிகரில், சொட்டு கரையவில்லை. பதம் வந்த வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் நிற்குமே, அப்படி வெள்ளையாக உருண்டு, மெல்லக் கீழே இறங்கியது. அவர் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இதை மட்டும் நம்பக் கூடாது. மிச்ச நீரை மதுரை லேபுக்கு அனுப்புறேன். அதுவரைக்கும் கத்தி வேணாம்.”

அடுத்த நாட்களில் போன் மணி அடித்தபோதெல்லாம் என் கையிலிருந்து ஏதாவது விழுந்தது. கடைசியில் டாக்டரே வந்தார். நீரில் புரதம் மிகுந்திருக்கிறது, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அதே நோய்தான் என்றார். நோவில்லாமல் போக அவர் போட்ட ஊசியில், பூனை டீச்சரம்மாவின் மடியிலேயே அடங்கியது.

“வெட்டுப்படாமலாவது போச்சே,” என்றார் டீச்சரம்மா. என்னிடம் சொன்னாரா, பூனையிடமா, தெரியவில்லை. அன்று பொழுது சாயும்வரை அந்த வீட்டு ஜன்னல்களையெல்லாம் வெறும் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தேன்.