சிலுவைத் திருநாளில் ஒரு கோணல் வரிசை

ஒவ்வொரு கல்லையும் வைப்பதற்கு முன் வெனான்சியா முட்டிவிரலால் தட்டி, காது கொடுத்துக் கேட்பாள். 'டங்' என்றால் சுவருக்கு. 'டொக்' என்றால் கோழிக்கூட்டுக்கு. ஐந்தடிகூட இல்லாத இந்தக் கொத்தனாரின் தொப்பிக்குள் எப்போதும் இரண்டு சோள ரொட்டி இருக்கும். சூடு ஆறாதாம்.

வருஷா வருஷம் வடக்கேயிருந்து ஒரு கூட்டம் விமானமேறி வந்து, குவாத்தமாலா மலைமேலுள்ள இந்த ஊரில் ஓர் ஏழைக்கு இலவசமாக வீடு கட்டிக்கொடுக்கும். மேஸ்திரி வெனான்சியாதான். கூட்டத்தில் தவறாமல் வருகிறவர் பல் டாக்டர் வெண்டல். அறுபத்தெட்டு வயது, தங்கமான மனசு. அவர் வைத்த வரிசை மட்டும் ஒருநாளும் நூலுக்கு நின்றதில்லை. "பிரமாதம் டாக்டர்! சாப்ட்டுட்டுக் கொஞ்சம் சாயுங்க" என்று கறுப்பு பீன்ஸை இரண்டு அகப்பை கூடுதலாக ஊற்றுவாள். அவர் குறட்டை விடுகிற நேரத்தில் வரிசையைப் பிரித்து மறுபடி கட்டிவிடுவாள். பதினோரு வருஷம், பதினோரு வீடு. டாக்டருக்குத் தன் கைவேலைமேல் ஏகப் பெருமை.

வீடு யாருக்கென்று இந்த வருஷம் சீட்டுக் குலுக்கியபோது அவள் பெயரே விழுந்தது. எரிமலைச் சாம்பல் அரித்த தகரக் கூரையின் கீழ் இருபது வருஷம் வெந்தவளுக்குக் கல்வீடு! பாதிச் சுவர் எழும்பியபோது மே மூன்றாம் தேதி, சிலுவைத் திருநாள் வந்தது. அன்று எந்தக் கொத்தனாரும் கரண்டியைத் தொடக்கூடாது. காகிதப்பூ சுற்றிய சிலுவையைச் சுவர்மேல் நட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்காரர் கையால் கோழிக்குழம்பு சாப்பிட வேண்டும்.

"நீ பரிமாறுவியா, முக்காலியில உக்காந்து திம்பியாடி?" என்று பக்கத்து வீட்டு நிக்கோலாசா சீண்டினாள்.

"எனக்கு நானே ஊத்தி, நானே நல்லாருக்குன்னு சொல்லிக்கிறேன். உனக்கென்னடி வலிக்குது?"

சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பியவள் ஜன்னலருகே ஓடினாள். அவளை மகிழ்விக்க நினைத்த டாக்டர், ஜன்னலுக்குக் கீழே ஒரு முழு வரிசையைத் தனியாளாக வைத்து முடித்திருந்தார். நடுவில் அது தொப்பை தள்ளியிருந்தது. ஒரு மணி நேரத்தில் கலவை இறுகிவிடும். விடிந்தால் பிரிக்க முடியாது. கை பரபரத்தது; ஆனால் திருநாளில் கரண்டியைத் தொட அவளுக்கே மனசு ஒப்பவில்லை. டாக்டருக்கு அந்தத் தடை இல்லை, அவர் கொத்தனாரில்லையே.

"டாக்டர், கோணலா இருக்கு. பிரிங்க."

"இத்தனை வருஷமா நல்லாத்தானே வச்சேன்?"

"நீங்க தூங்கும்போது நாந்தான் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுனேன்."

சொன்னபிறகு அவளுக்குப் பாவமாகிவிட்டது. டாக்டர் குனிந்து வரிசையை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு, "கோணப் பல்ல நிமித்துறதுதான் என் பொழைப்பு. எங்க ஊர்ல மட்டும் இதச் சொல்லிராதம்மா" என்று சிரித்தபடி முதல் கல்லைப் பெயர்த்தார்.

வெனான்சியா மணல்மேட்டில் தன் இரண்டு கைகள்மேலும் உட்கார்ந்துகொண்டாள். "வலப்பக்கம் தட்டுங்க... ஐயோ, மெதுவா! பல்லுன்னு நெனச்சுக்குங்க!" குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை பிரித்துக் கட்டியபோது வரிசை நூலோடு ஒட்டி நின்றது.

டாக்டர் அடுத்த வரிசைக்குக் கலவையை அள்ளக் குனிந்தார்.

"கரண்டியக் கீழ போடுங்க டாக்டர். கொத்தனாருங்க இன்னைக்கு அதத் தொடக்கூடாது" என்றவள், தோள்துண்டால் முக்காலியைத் துடைத்து அவர் முன்னால் போட்டுவிட்டு, சட்டியிலிருந்து கோழிக்காலைத் தேடி எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.