கேப்டன் புருஷனும் வாய்க்கு வராத 'ழ'வும்

கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரர் ஜெட் ஓட்டிட்டிருந்தார்!

மைசூரு சரஸ்வதிபுரத்துல, எங்க வாடகை வீட்டு ஹால்ல. (தொண்ணூறுகளோட கடைசி. கம்ப்யூட்டர் வாங்கினது ஆபீஸ் வேலைக்குன்னு சொல்லித்தான்.)

கம்ப்யூட்டர் கேமுக்குள்ள ஒரு குட்டி பிஸினஸ் ஜெட். கிளம்புறது சிகாகோ, எறங்குறதும் சிகாகோ.

நிஜ ஏரோப்ளேனை அவர் கிட்டப் போய்ப் பாத்ததுகூட இல்ல. சொந்த ஊர் மதுரைக்குப் போறப்ப, திம்பம் மலை வளைவுல பஸ் திரும்பினாலே வாந்தி எடுப்பார்.

ஆனா ஜாய்ஸ்டிக் கைக்கு வந்துட்டா மனுஷன் கேப்டன். நான் காபி கொண்டுபோனா, டேக் ஆஃப் நேரத்துல கேபின் க்ரூ நடக்கக் கூடாதும்பார். எரிச்சல்ல அந்தக் காபியை நானே குடிச்சுடுவேன்.

ஏத்துறதுல அவர் புலி. எறக்குறதுதான் வரல. மூணு வாரமா ஒரு தடவைகூட ஜெட் முழுசா தரைக்கு வரல.

ஆபீஸ்ல மட்டும் பூ மாதிரி எறக்குறேன்னு அளந்து விட்டிருக்கார். அதை நம்பி மேனேஜர் ஒரு ஞாயித்துக்கிழமை நேர்லயே பாக்க வரேன்னுட்டார். அன்னிக்குக் காலையில இவருக்குத் தொண்டையில இட்லிகூட எறங்கல, பாவம்.

அதிசயமா அன்னிக்கு எல்லாம் சரியா வந்துச்சு. ரன்வே நேரா தெரியுது, வீலும் எறக்கியாச்சு. அப்பப் பாத்து கேட்ல மேனேஜரோட ஸ்கூட்டர் சத்தம்.

"ஆடாம பிடிச்சுக்க, இதோ வந்துடறேன்"னு ஜாய்ஸ்டிக்கை என் கையில குடுத்துட்டு ஓடினார்.

மொத தடவையா அது என் கைக்கு வந்துச்சு. பயமாவும் இருந்துச்சு, சத்தியமா சந்தோஷமாவும் இருந்துச்சு.

மேனேஜரைக் கூட்டிட்டு உள்ள நுழைஞ்சவர் ஸ்கிரீனைப் பாத்தார். ஜெட் ரொம்பத் தாழ வந்துட்டிருக்கு.

"இளு! இளு!"

அவர் சொல்ல வந்தது 'இழு'. குச்சியைப் பின்னால இழுத்தா மூக்கு மேல தூக்கும். ஆனா எங்க கேப்டன் வாயில 'ழ' வராது.

நானோ மைசூர்ல பொறந்து கன்னட மீடியத்துல படிச்சவ. கன்னடத்துல 'இளி'ன்னா எறங்கு. (பல்லை இளிக்கிற இளி இல்ல.) தினமும் சிட்டி பஸ் கண்டக்டர் 'இளி, இளி'ன்னு எறக்கிவிட்டே பழகின என் காதுக்கு அவரோட 'இளு'வும் 'இளி'ன்னுதான் கேட்டுச்சு.

கட்டினவர் பேச்சைத் தட்டலாமா? ஒரே தள்ளா முன்னால தள்ளி எறக்கிட்டேன்.

மூக்கு குத்தி, ஜெட் காலி.

அவர் என்னைத் திட்ட வாயெடுத்தார். அதுக்குள்ள மேனேஜர் நிதானமா கன்னடத்துல சொன்னார்: "அல்ரீ, நீவே இளி அந்த்ரி. அவரு இளிசித்ரு."

எறங்குன்னு சொன்னது நீங்க, எறக்கினது அவங்க, அவ்ளோதானேன்னு அர்த்தம். எனக்கு அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடணும்போல இருந்துச்சு.

மறுநாள் காலையில வீட்டுக்காரர் கண்ணாடி முன்னாடி நின்னு 'வாழைப்பழம், வாழைப்பழம்'னு சொல்லிட்டிருந்தார். தமிழ் வாத்தியார் காதைத் திருகியும் வராத 'ழ', ஒரு ஜெட் விழுந்ததும் வந்துடுச்சு.

உங்க வீட்டுல 'ழ' வராதவங்க யாராவது இருக்காங்களா? எங்க ஜாய்ஸ்டிக் பரண்ல சும்மாதான் கிடக்கு, வந்து வாங்கிட்டுப் போங்க!