கப்டன் பரம்பரையும் கஞ்சிச் சட்டியும்

எண்பத்தெட்டாம் ஆண்டு, பாரிஸ் லா சப்பலில் நடந்தது இது. ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு பழைய கட்டிடத்தின் ஐந்தாம் மாடியில், லிஃப்ட் இல்லாத ஓர் அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடமாகியிருந்தது. எனக்கு இருபத்தேழு வயது. கையில் இருந்தது அகதி விண்ணப்பம் கொடுத்ததற்கான தற்காலிகத் தாள் ஒன்றுதான். வேலை, ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவுவது. ஆனால் இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் என் பாட்டனாரின் பாட்டனார் ஒரு வெள்ளைக்காரக் கப்டன்.

எங்கள் வீட்டில் இதை யாரும் சந்தேகித்ததே கிடையாது. எங்கள் குடும்பப் பெயரே அந்தக் கப்டனின் பெயர்தான். நாங்கள் கத்தோலிக்கராவதற்கு முன் எங்கள் ஆட்கள் ஆங்கிலத் திருச்சபையில் இருந்தவர்கள். அந்தக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து என் பெரியப்பா ஒரு தாளில் பிரதி எடுத்து வைத்திருந்தார். பிள்ளையின் பெயர், வயது மூன்று, ஞானஸ்நானம் கொடுத்த தேதி, அதற்குக் கீழே கப்டனின் பெயர், அவருடைய படைப்பிரிவு, இங்கிலாந்தில் அவருடைய ஊர். தகப்பன் பெயர் என்று தனியாக ஒன்றும் அதில் இல்லை. கப்டனின் பெயர் இருக்கும்போது தகப்பன் பெயர் எதற்கு என்று பெரியப்பா நினைத்திருக்க வேண்டும். போதாததற்கு என் சித்தப்பாவுக்குப் பூனைக்கண். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நான் பாரிசுக்கு வரும்போது கொண்டுவந்த நாலைந்து தாள்களில் அந்தப் பிரதியும் ஒன்று. அதற்கு வேலை வந்தது, ஞாயிறு தமிழ்ப் பூசையில் ஒரு பெண்ணைச் சந்தித்த பிறகுதான். அவள் பாண்டிச்சேரிக்காரி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். சென் தெனியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தாள். ஒரு வருடம் கோயில் வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒருநாள், இனி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டுவிடு, என்னால் இப்படி ஒளித்துக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாரிசுக்கு வெளியே கார்ஜ் என்ற புறநகரில் அவர்கள் வீடு, அதன் வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. நம்மவர் வீடுகளில் பீங்கான் பொம்மை வைக்கும் இடத்தில் அவர் அட்டைக் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார். தன் பாட்டனாருடைய பிறப்புப் பத்திரத்திலிருந்து போன மாதக் கரண்டு பில் வரை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோப்பு. மனிதர்களை அவர் முகத்தைப் பார்த்து எடைபோடுவதில்லை. என் தற்காலிகத் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

என்ன வேலை என்று கேட்டார். உணவகத்தில் பாத்திர பண்டங்களுக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது என்றேன். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் இல்லை. எப்படிப்பட்ட குடும்பம் என்று அடுத்ததாகக் கேட்டார். அவருக்கு என் ஊரும் தெரியாது, என் ஆட்களையும் தெரியாது. அவளுடைய அம்மா ஓர் ஓரமாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதற்றத்தில் நான் கப்டனை எடுத்து வெளியே விட்டேன்.

பட்டாளத்துக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தப் படைப்பிரிவு என்று கேட்டார். சொன்னேன். உடனே அலுமாரியைத் திறந்து புதிதாக ஒரு பச்சைக் கோப்பை எடுத்து அதன்மேல் என் பெயரையும், கீழே கப்டனைப் பிரெஞ்சு முறையில் கப்பித்தேன் என்றும் எழுதினார். பெரியப்பாவின் பிரதியை வாங்கி, மூலையில் ஒன்று என்று இலக்கமிட்டு உள்ளே வைத்தார்.

"பட்டாளத்துக்காரன் எங்க போனாலும் பின்னாடி ஒரு பேப்பர் இருக்கும் தம்பி. அதக் கொண்டாங்க. தொசியே முழுசானதும் கல்யாணத்தப் பத்திப் பேசுவோம்" என்றார்.

தொசியே என்றால் பிரெஞ்சில் கோப்பு. அன்றிலிருந்து என் கலியாணம் ஓர் அட்டைக்குள் போய்விட்டது.

லண்டனில் பழைய படைப் பதிவுகள் வைத்திருக்கும் இடத்துக்கு எழுதினேன். தபாலில் தேடித் தருவதில்லை, நேரில் வரவும் என்று பதில் வந்தது. என்னுடைய தாளை வைத்துக்கொண்டு கடலைத் தாண்ட முடியாது. ஆகவே கப்டனின் ஊர்க் கோயில் குருவானவருக்கு, பெயர்கூடத் தெரியாமல், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட இங்கிலீசில் நாலு பக்கம் எழுதிப் போட்டேன். தங்கள் ஊர்க் கப்டனின் வாரிசு எழுதிக்கொள்வது என்றுதான் தொடங்கினேன். வாசிப்பவர் எழுந்து நிற்பார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

பதிலுக்குக் காத்திருந்த இரண்டு மாதத்தில் விஷயம் லா சப்பல் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது நான்தான். மரக்கறிக் கடையில் என்னைக் கண்டால், கப்டனுக்கு அரைக் கிலோ வெண்டிக்காய் என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். எங்கள் அறையில் மூத்தவரான ஓர் அண்ணை, என் முறை வரும் நாளில்கூடக் கூட்டுமாற்றை என் கையில் தராமல், கப்டன் கூட்டக்கூடாது என்று மற்றவர்களிடம் கொடுப்பார். அது கேலி என்பது எனக்கு விளங்கவில்லை. நான் கூட்டாமல் இருந்துகொண்டேன்.

ஒருநாள் பின்னேரம் கீழே தபால் பெட்டியில் தடித்த உறை ஒன்று கிடந்தது. மாடி ஏறிக்கொண்டே பிரித்தேன். மூன்றாம் மாடிக்கு வரும்போது பாதிக் கடிதம் வாசித்தாயிற்று. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் குருவானவர் எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும். முன்பின் தெரியாத ஒருவனுக்காகத் தன் கோயில் பதிவேடுகளையெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார். லண்டனுக்கு வேறு வேலையாகப் போனவர், பதிவு அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்து கப்டனின் படைச் சேவைத் தாளை நகல் எடுத்திருக்கிறார். கப்டன் அந்த ஊரில் பிறந்தது உண்மை. இலங்கைக்குப் போனதும் உண்மை. வயதாகித் திரும்பி வந்து, கலியாணம் கட்டாமலே செத்து, அதே கோயிலில் அடக்கமாகியிருக்கிறார். அவர் இலங்கையிலிருந்து அப்போதைய குருவானவருக்கு எழுதிய கடிதங்கள் கோயில் பெட்டியில் இருந்தனவாம். அதில் ஒன்றில், வந்து இறங்கியதும் காய்ச்சலில் கிடந்ததாகவும், சமையற்காரர் இரவும் பகலும் கஞ்சி ஊட்டித் தன்னைப் பிழைக்க வைத்ததாகவும் எழுதியிருக்கிறார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, என் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறோம், அவனுக்கு ஞானத்தகப்பனாக நின்று உங்கள் பெயரைக் கொடுங்கள் என்று அந்தச் சமையற்காரர் கேட்டாராம். கப்டனும் கொடுத்துவிட்டார்.

ஞானத்தகப்பனின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் ஊரில் இல்லாத வழக்கமா? எனக்கே என் ஞானத்தகப்பனின் பெயர்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இத்தனை காலத்தில் அது தோன்றவில்லை. கப்டன் தோன்றவிட்டால்தானே.

அறைக்குப் போய் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்து முடிக்க நேரமெடுத்தது. பிறகு, "பொம்பிளையின்ரை தேப்பனுக்கு இங்கிலீசு தெரியுமோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை."

"பிறகென்ன? நீ வாசிக்கிறதுதான் கடிதம்."

அடுத்த ஞாயிறு அண்ணையின் கோட்டைப் போட்டுக்கொண்டு கார்ஜ் ரயிலில் ஏறினேன். வழி நெடுக மனதுக்குள் கடிதத்தைத் திருத்தி எழுதினேன். ரயில் சென் தெனியைத் தாண்டும்போது கப்டன் காதலில் விழுந்துவிட்டார். கார்ஜில் நான் இறங்கும்போது கோயிலில் அவருக்குக் கலியாணமே முடிந்திருந்தது.

வரவேற்பறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் பார்ப்பதுபோலப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கப்டன் ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்ததும், மகன் பிறந்தபோது துப்பாக்கி வெடி தீர்த்துக் கொண்டாடியதும் நன்றாகவே வந்தன. பட்டாளத்துக்காரர் தலையசைத்துக் கேட்டபடி சேவைத் தாளின் நகலைக் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு பச்சைக் கோப்பைத் திறந்து, ஒன்றாம் இலக்கத் தாளை வெளியே எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார். என் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"தம்பி, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா எந்தப் பட்டாளத்துத் தாளா இருந்தாலும் படிப்பேன். கப்பித்தேன் கப்பல விட்டு எறங்கினது ழான்வியேல. ஞானஸ்நானம் அதே வருஷம் அவ்ரில்ல. பையனுக்கு வயசு மூணு. எப்படி?"

ஜனவரியில் வந்து இறங்கியவருக்கு ஏப்ரலில் மூன்று வயது மகன். "அவர் முதலே ஒருக்கா வந்து போயிருப்பார் ஐயா" என்றேன்.

அவர் விரலை ஒரு வரி மேலே நகர்த்தினார். "அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் கனடான்னு போட்டிருக்கு."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து மெல்ல உருவி, மகளிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் இங்கிலீஷ் படித்தவள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அவள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. ஒரு வருடமாக நான் கப்டனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அவள் வரிக்கு வரி பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தாள். காய்ச்சல், கஞ்சி, சமையற்காரர், ஞானத்தகப்பன். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இத்தோடு எல்லாம் முடிந்தது, இவளை இனிக் கோயில் வாசலில்கூடப் பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவள் கடிதத்தின் கடைசிப் பந்திக்கு வந்தாள். நான் படியில் உட்கார்ந்திருந்தபோது வாசிக்காமலே மடித்துவைத்த பந்தி அது. அதில் குருவானவர் ஒன்று கேட்டிருந்தார். கப்டன் சாகும்வரை அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்து இலங்கைக்கு எழுதிக்கொண்டிருந்தாராம், பதில் வந்ததாகத் தெரியவில்லையாம். அந்தச் சமையற்காரரின் மகன் பிறகு என்ன ஆனான் என்று தங்களுக்குத் தெரியுமா?

 பட்டாளத்துக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நெசமா என்ன வேலை செய்யிறீங்க?"

"கோப்பை கழுவுறன் ஐயா."

அவர் பேனாவை எடுத்தார். கோப்பின்மேல் கப்பித்தேன் என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சமையற்காரர் என்று எழுதினார். அதற்குக் கீழே என் வேலையையும் எழுதினார். முகத்தில் ஒரு திருப்தி. இப்போதுதான் பேப்பரும் ஆளும் ஒத்துப்போகிறது என்றார். நான் கேட்டதையே நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் கப்டன் வேண்டியிருக்கவில்லை. முழுமையான ஒரு கோப்புத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் பொய்க்குத் தண்டனை இல்லாமல் விடவில்லை. கப்பித்தேனைப் பிழைக்க வைத்த கஞ்சியை இப்போதே காய்ச்சிக் காட்டச் சொன்னார். சமையலறையில் என்னைத் தனியே விட்டார்கள். எனக்குக் கழுவத்தான் தெரியும், காய்ச்சத் தெரியாது. அரிசியையும் தண்ணீரையும் என்ன கணக்கில் போட்டேனோ, சற்று நேரத்தில் வீடு முழுக்கத் தீய்ந்த வாசனை. சட்டியின் அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கரி. அந்தக் கஞ்சியைக் கொடுத்திருந்தால் கப்டன் காய்ச்சலுக்கு முன்னால் போயிருப்பார்.

என்ன செய்வதென்று தெரியாமல் கை தன் பாட்டுக்குத் தெரிந்த வேலையைச் செய்யத் தொடங்கியது. சட்டையை மடித்துவிட்டு, உப்பையும் வினாகிரியையும் போட்டு ஊறவைத்து, சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தேன். மூன்று வருட அனுபவம். சட்டி முடிந்ததும் பழக்கதோஷத்தில் அங்கே கிடந்த மற்றப் பாத்திரங்களையும், அடுப்பையும், குழாயையும் தேய்த்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் அவளுடைய அம்மா நிற்கிறார். உள்ளே வந்து சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருடைய கணவர் என் தாளைப் பார்த்தது போலவே. பிறகு வரவேற்பறைப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"கல்யாணத்துக்குத் தேதி பாருங்க. இந்த வீட்டுக்கு இப்படி ஒருத்தன் இதுவரைக்கும் வந்ததில்ல."

அன்று வீட்டிலிருந்து கிளம்ப முன் என்னை உட்கார்த்தி வைத்துக் குருவானவருக்குப் பதில் எழுத வைத்தாள் அவள். எழுதிய முதல் பக்கத்தில் பெருமை தெரிந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டாள். மிஞ்சியது நாலு வரிதான். பையன் பிழைத்தான், வளர்ந்தான், அவனுடைய வழியில் இப்போது நாங்கள் அறுபது பேருக்கு மேல் இருக்கிறோம், அவர்களில் ஒருவன் பாரிசில் கோப்பை கழுவுகிறான், அவனுக்குக் கலியாணம்.

கலியாணத்துக்குச் சில நாள் முன்பு வாழ்த்து மடல் ஒன்று வந்தது. கப்டனுக்குக் கூடப் பிறந்தவர்களும் இல்லை, ஆகவே அந்தப் பெயர் ஊரில் அவரோடு நின்றுவிட்டது என்று நினைத்திருந்தோம், உங்கள் கடிதத்தை ஞாயிறு ஆராதனையில் வாசித்தேன், கேட்டவர்களுக்கு மகிழ்ச்சி என்று குருவானவர் எழுதியிருந்தார். அந்த மடலையும் மாமா இலக்கமிட்டுப் பச்சைக் கோப்பில் வைத்துவிட்டார்.

நான் உண்மையை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இருந்தும் லா சப்பலில் என்னை இன்றைக்கும் கப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சித்தப்பாவின் பூனைக்கண்ணுக்கு விளக்கம் கிடைக்கவில்லை, நானும் இனித் தேடப்போவதில்லை. ஒரு வெள்ளைக்காரனின் பெயர் அவன் சொந்த ஊரில் நின்றுபோக, அதை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு சமையற்காரரின் குடும்பம். அந்தப் பெரியவரின் பெயரைக்கூடப் பெரியப்பா எழுதிவைக்கவில்லையே என்பதுதான், வீட்டில் கஞ்சி கொதிக்கும் நாளெல்லாம் எனக்கு மனதைக் குடைகிறது.