வடக்கே போன புகை

ஆல்வீனா ஸ்கீட்டிடம் யாராவது ஒரு காரியத்தைச் செய்யாதே என்று சொன்னால், அந்தக் காரியம் பாதி முடிந்த மாதிரி. பன்னிரண்டு வயதில் விடுதிப் பள்ளியின் கம்பி வேலியைத் தாண்டிக் குதித்து, இரண்டு நாள் நடந்தே வீடு வந்து சேர்ந்தவள். இருபத்தாறு வயதில், குடித்துவிட்டு வந்த புருஷனின் குதிரைச் சேணத்தை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். எங்கள் பழங்குடியில் அதற்கு மேல் விவாகரத்துப் பத்திரம் தேவையில்லை. அவனும் சேணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு கயென்டா ஊரில் ஒரு மோட்டலில் பதினேழு வருஷம் அறை கூட்டிப் படுக்கை விரித்தாள். ஊரான் கட்டிலை விரிப்பதற்கு நம் வீட்டுக் கட்டிலையே விரிக்கலாமே என்று ஒரு நாள் தோன்றியது. பள்ளத்தாக்குச் சாலையோரம், மண் பூசிய எண்கோண ஹோகன் வீடு ஒன்றைக் கட்டினாள். வாசல் கிழக்கே, நடுவில் அடுப்பு, சுற்றிலும் ஆட்டுத்தோல். சிவப்புப் பாறைகளைப் பார்க்க வருகிறவர்கள் காசு கொடுத்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவார்கள். அவர்கள் எல்லோரும் கேட்பது மூன்றே கேள்வி: பாம்பு வருமா, போன் எடுக்குமா, கழிப்பறை எங்கே.

இப்படி எதற்கும் அஞ்சாதவளுக்கு ஒரே ஒரு புண் இருந்தது. அவளைப் பெற்றவள் அவளை விட்டுவிட்டு ஓடிப்போனவள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை என்பதுதான் விஷயம். வளர்த்தது டெஸ்பா சின்னம்மா. சின்ன வயதில், "அம்மா எங்க?" என்று கேட்டபோதெல்லாம் டெஸ்பா எழுந்து ஆடு பார்க்கப் போய்விடுவாள். விடுதியில் ஒரு பெண்தான் விளக்கம் கொடுத்தாள்: "உங்கம்மா கலிஃபோர்னியாவுக்கு ஓடியிருப்பாடி. எங்க அத்தையும் அப்படித்தான். அங்க போனா யாரும் திரும்ப மாட்டாங்க." ஆல்வீனா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அதனால்தான் தன் மகள் ஷாண்டீனை விட்டு ஒரு ராத்திரிகூட அவள் தனியே தங்கியதில்லை. மகளுக்கு இப்போது இருபத்தெட்டு வயது, ஏழு மாதக் கர்ப்பம். இன்னமும் அப்படித்தான்.

சாலையோரம் இந்த இரண்டு வருஷத்தில் வேறு ஆட்களின் கூடாரங்கள் முளைத்துக் கெட்டுப்போயிற்று. ஜெனரேட்டர் சத்தமும் விளக்குமாக, நட்சத்திரம் பார்க்க வந்தவர்கள் பக்கத்துக் கூடாரத்தின் டீவியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆல்வீனா உள்ளே தள்ளி வேறிடம் தேடினாள். தாய்வழி மேய்ச்சல் நிலத்திலேயே கிடைத்தது. மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, கிழக்கு மட்டும் திறப்பு, தரை தட்டைப்போல் சமமாக இருந்தது. பழைய ஜூனிப்பர் மரக் கட்டைகள் வெள்ளி நிறத்தில் அங்கங்கே மணலில் புதைந்து கிடந்தன. எப்போதோ வந்த காட்டு வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல இடத்தில் ஏன் ஒரு ஆட்டுப்புழுக்கைகூட இல்லை என்று ஒரு கணம் யோசித்தாள். ஒரு கணம்தான்.

இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். டெஸ்பா டீவியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயதில் அவளுக்கு உலகத்தில் பிடித்த ஒரே விஷயம் அது.

"சின்னம்மா, அந்தப் பாறை மடியில ஒரு எடம் பாத்திருக்கேன். ராத்திரி தங்கறதுக்கு. அங்க யாராவது..."

அதற்கு மேல் வாக்கியத்தை முடிக்கக் கூடாது. இறந்தவர்களைப் பற்றிய பேச்சு எங்களிடம் அவ்வளவுதான். பேசினால், பெயரைச் சொன்னால், அவர்கள் வந்துவிடுவார்கள் என்பார்கள். டெஸ்பா டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காத்து சரியில்ல அங்க."

"காத்து எங்கதான் சரியா இருக்கு? இங்க மட்டும் என்ன, தாலாட்டா பாடுது?"

"சொல்லிட்டேன்."

ஆல்வீனா இதை இப்படிக் கணக்குப் போட்டாள்: அங்கே யாருக்காவது உயிர் போயிருந்தால், வாய் திறக்காவிட்டாலும் கையைப் பிடித்துத் தடுத்திருப்பாளே. காற்று என்கிறாள் என்றால் வெறும் காற்றுதான். டெஸ்பா வேறு கணக்குப் போட்டாள்: போய்ப் பார்க்கட்டும், வடக்குச் சுவர் உடைந்த வீட்டைப் பார்த்தால் நம் பிள்ளைக்குப் புரியாதா, தானே திரும்பிவிடுவாள். வெள்ளம் வந்து அந்த வீட்டைக் கலைத்துப்போட்டது அவளுக்குத் தெரியாது. ஐம்பத்து நாலு வருஷமாக அந்தத் திசையில் அவள் கால் வைத்ததில்லை. இரண்டு பேருமே எங்கள் வழக்கப்படி சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். அதில் வந்தது வினை.

திங்கட்கிழமை முதல் விருந்தாளிகள் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை வெள்ளோட்டமாகத் தான் அங்கே தங்கிப் பார்ப்பது என்று ஆல்வீனா முடிவு செய்தாள். எங்கே காற்று அடிக்கிறது, எப்போது வெயில் விழுகிறது, குளிர் எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது, எல்லாம் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஷாண்டீனையும் கூட்டிக்கொண்டாள்.

மத்தியானம் பிக்கப் வண்டியில் போய் இறங்கினார்கள். கூட வந்த நாய் இறங்கவில்லை. ஆல்வீனா அதட்டியதும் குதித்து வந்து, நேரே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"வயசாயிடுச்சு இதுக்கு," என்றாள் ஆல்வீனா.

"ரெண்டு வயசும்மா அதுக்கு."

கூடாரம் அடித்தார்கள். தண்ணீர்ப் பீப்பாயை இறக்கினார்கள். ஆட்டுத்தோல்களை உதறி விரித்தார்கள். வேலை செய்யும்போதுதான் ஆல்வீனாவுக்கு ஒன்று உறைத்தது. அங்கே சத்தமே இல்லை. காக்கை இல்லை, ஓணான் இல்லை, ஒரு ஈகூட மாவுச் சட்டியைத் தேடி வரவில்லை. பள்ளத்தாக்கில் எந்நேரமும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும் காற்று, பாறை மடியின் வாயில் வந்து நின்றுகொண்டது. டெஸ்பா சொன்னது சரிதான், காற்று சரியில்லை. அது அங்கே இல்லவே இல்லை.

மணலில் கிடந்த கட்டைகளில் நாலைந்தைப் பிடுங்கி அடுப்பு மூட்டினாள். காய்ந்த கட்டை, உடனே பற்றிக்கொண்டது. காற்றே இல்லாத இடத்தில் புகை நேராக மேலே போக வேண்டும். போகவில்லை. முழங்கால் உயரத்துக்கு எழும்பி, தரையோடு தரையாகப் படர்ந்து, வடக்குப் பாறையைப் பார்த்து நகர்ந்தது. அவசரமில்லாமல், போகும் இடம் தெரிந்த ஆள் மாதிரி நகர்ந்தது. ஆல்வீனா இரண்டு தரம் அடுப்பை மாற்றி வைத்தாள். புகை வழி மாறவில்லை.

"அம்மா, இருமுனியா?" என்று கூடாரத்துக்குள்ளிருந்து ஷாண்டீன் கேட்டாள்.

"இல்லையே."

"யாரோ இருமுனாங்க."

"பாறைடி. வெயில் இறங்குச்சுன்னா அது சத்தம் போடும்."

"பாறைக்குச் சளி புடிச்சிருக்கா?" ஷாண்டீன் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். ஆனால் வந்தவள் அடுப்புக்கு எதிர்ப்பக்கம் உட்காராமல் அம்மாவின் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். காப்பியை வாங்கி இரண்டு வாய் குடித்தாள். பிறகு சட்டைக்கு மேல் வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"காலைலேர்ந்து உதைச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. இங்க வந்ததுலேர்ந்து அசையவே இல்ல."

"தூங்குதுடி," என்றாள் ஆல்வீனா. போய்விடலாம் என்று ஒரு மனசு சொன்னது. கிழவி பேச்சைக் கேட்டு ஓடுவதா என்று இன்னொரு மனசு மல்லுக்கு நின்றது. மூன்று மணிக்கே மேற்குப் பாறையின் நிழல் வந்து கூடாரத்தை மூடியது.

அப்போதுதான் ஹாரன் கேட்டது.

விட்டுவிட்டு அல்ல, ஒரே அழுத்தாக. மூன்று பாறைகளும் அதை வாங்கித் திருப்பி அடித்தன. கிழக்கே, கூப்பிடு தூரத்துக்கும் அப்பால், டெஸ்பாவின் பழைய பிக்கப் நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு முதல் கியரைத் தவிர வேறு கியர் இருப்பது தெரியாது. வீட்டிலிருந்து ஒன்பது மைலையும் அதிலேயே உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். தண்ணீர் லாரி ஓட்டும் வில்பர்ட், வழியில் இவர்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, மத்தியானம் டெஸ்பா வீட்டுப் பீப்பாய் நிரப்ப வந்தபோது, "உன் பேத்தியும் போயிருக்கா, தெரியுமா?" என்று கேட்டானாம். மல்யுத்தத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள்.

ஆல்வீனா நடந்து போனாள். டெஸ்பா கீழே இறங்கவில்லை. கண்ணாடியை நாலு விரற்கடை மட்டும் இறக்கினாள்.

"புள்ளைய கூட்டிட்டு வா."

"எதுக்குன்னு சொல்லு."

"காத்து சரியில்லன்னு சொன்னேன்ல."

"மறுபடியும் காத்தா? சின்னம்மா, எனக்கு அம்பத்து நாலு வயசு. காரணம் சொன்னா வரேன். இல்லாட்டி வண்டியத் திருப்பிக்கிட்டுப் போய் உன் மல்யுத்தத்தப் பாரு."

"சொல்லக் கூடாதுடி."

"உனக்கு எதத்தான் சொல்லலாம்? என்னப் பெத்தவ பேரக்கூட இன்னிக்கு வரைக்கும் நீ சொன்னதில்ல. நானே தெரிஞ்சுக்கிட்டேன், போதுமா? கலிஃபோர்னியாவுக்கு ஓடிப்போன சிறுக்கிக்குப் பேரு ஒண்ணுதான் கேடு!"

டெஸ்பா வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தாள்.

"யாரு சொன்னா கலிஃபோர்னியான்னு?"

"யாரு சொல்லணும்? பள்ளிக்கூடத்துல ஊரே பேசிச்சு."

"அம்பது வருசமா இதையா மனசுல வச்சுக்கிட்டிருந்த?" கிழவி கண்ணாடியை முழுதும் இறக்கினாள். குரல் கீழே போனது. பாறை மடியை நோக்கி உதட்டைக் குவித்துக் காட்டினாள்; விரல் நீட்டவில்லை. "அங்கதான் எங்க வீடு இருந்துச்சு. நீ பொறந்தது அங்கதான். ரெண்டு ராத்திரி, ஒரு பகல் வலி. உன்ன நான் கிழக்கு வாசல் வழியா தூக்கிட்டு வந்தேன். அவள வடக்குச் சுவத்த ஒடச்சு எடுத்துட்டுப் போனாங்க. அவ எங்கயும் ஓடலடி. உன் மூஞ்சியக்கூட சரியா பாக்கல அவ."

வடக்குச் சுவரை உடைத்து வெளியே கொண்டுபோவது உயிர் போனவரைத்தான். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் நுழைவதில்லை. அதன் ஒரு குச்சியைக்கூட எவரும் எடுப்பதில்லை.

ஆல்வீனா திரும்பிப் பார்த்தாள். அடுப்பு தெரிந்தது. அதில் எரியும் கட்டைகள் தெரிந்தன.

"நீ பாத்தாலே புரிஞ்சுக்குவன்னு நெனச்சேன்," என்றாள் டெஸ்பா. பிறகு அவளும் புகையைப் பார்த்தாள். "ஐயோ. எந்தக் கட்டைய வச்சு எரிக்கிற?"

ஆல்வீனா ஓடினாள். அவ்வளவு கனத்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஓடி நான் கேள்விப்பட்டதில்லை. ஷாண்டீனின் கையிலிருந்த காப்பியைத் தட்டிவிட்டாள். "ஒண்ணையும் எடுக்காத. செருப்பு மட்டும் போட்டுக்க. முன்னாடி பாத்து நட." அடுப்பின் மேல் இரு கையாலும் மண்ணை வாரிக் கொட்டினாள். கட்டை புகைந்தது. அவளுடைய அம்மா பார்த்துக்கொண்டே கிடந்த கூரைக் கட்டையாக அது இருக்கலாம். அதில் காப்பி போட்டிருக்கிறாள். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி அவளை ஏசியதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அங்கே வாய் திறந்து கூப்பிட்டால் கூப்பிட்டவர் வந்துவிடுவார். வந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது வயிற்றுப் பிள்ளையைத்தான். ஆல்வீனா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நடந்தாள். கூடாரம், தோல், பீப்பாய், தன்னுடைய வண்டி, எல்லாவற்றையும் அப்படியே விட்டாள். பாடி வைத்தியம் பார்ப்பவர் வந்து சுத்தம் செய்யும் வரை அவை அவளுடையவை அல்ல.

டெஸ்பாவின் வண்டியில் மூவரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். நாய் கூப்பிடாமலே பின்னால் ஏறிக்கொண்டது. ஷாண்டீனின் கை வயிற்றிலேயே இருந்தது.

"இப்ப?" என்று ஆல்வீனா கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா."

டெஸ்பா வண்டியைக் கிளப்பவில்லை. ஆல்வீனாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கன்னம் முழுக்க மண்ணும் கண்ணீருமாக இருந்தது. கிழவிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"உனக்குக் குடுக்காம வச்சிருந்தது தப்புதான். அவ பேர இப்ப சொல்றேன், கேட்டுக்க. அவ பேரு..."

ஆல்வீனா மண் ஒட்டிய உள்ளங்கையால் சின்னம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"வேணாம். இவ வண்டியில இருக்கா. புள்ளை இன்னும் அசையல. வேணாம் சின்னம்மா, வண்டிய எடு."

டெஸ்பா தலையாட்டிவிட்டு முதல் கியரைப் போட்டாள்.

நான்கு நாள் பாட்டு வைத்தியம் நடந்தது. முதல் நாள் விடியலில் பிள்ளை அசைந்தது. டிசம்பரில் பெண் குழந்தையாகப் பிறந்தது. அந்தக் குளிர் முடிவதற்குள் டெஸ்பாவும் போய்விட்டாள். இந்தக் கதையில் அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அவளுடையது அல்ல. ஆல்வீனாவின் அம்மா பெயரை அறிந்திருந்தவர்களில் கடைசி ஆள் அவள்தான். பிள்ளை பிறந்ததற்கும் அவள் போனதற்கும் நடுவில் இரண்டு மாதம் இருந்தது, ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கேட்டிருக்கலாமே என்று பலர் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே என்று மட்டும் ஆல்வீனா சொல்வாள்.