சிங்க முகப் பிடில்

ஆத்தூரில் கத்தரித் தோட்டம் வைத்திருந்த பொன்னுத்துரைக்குப் பிடில் ஆசை வந்தது ஒரு கல்யாணக் கச்சேரியில். பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, பாதிப் பாட்டைப் பிடில்காரரே ஒப்பேற்றினார். பொன்னுத்துரை பந்திக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டை விட்டுவிட்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் காய்ச்சலோ என்று பயந்துபோனாள் மனைவி ராமுத்தாய்.

திண்டுக்கல்லில் மாதா கோயில் பாடகர் குழுவுக்குப் பிடில் வாசிக்கும் மரியசெல்வம் வாத்தியார், கற்றுத்தருவதாக ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிடில் வாங்கத் தானே கூட வருவதாகவும், அதுவரை எதையும் வாங்கிவிட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். பொன்னுத்துரைக்கு வெள்ளிக்கிழமையே கால் நிற்கவில்லை. பேகம்பூருக்குப் போய், பழைய சாமான் கடைக்காரர் அக்பர் அலி தொழுகை முடித்து வந்து கடை திறக்கும்வரை வாசலிலேயே காத்துக் கிடந்தார்.

கொடைக்கானல் பங்களாக்களைக் காலிசெய்துவிட்டுப் போன வெள்ளைக்காரர்களின் சாமான்கள் அந்தக் கடையில் குவிந்து கிடந்தன. அவற்றில் பிடில்களும் இருந்தன. பொன்னுத்துரை ஒவ்வொன்றையும் கையில் தூக்கிக் கனம் பார்த்தார், தட்டினார், சொத்தை இருக்கிறதா என்று ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். வாசித்துப் பார்க்க மட்டும் தெரியவில்லை. கடைசியில் தலைப்பக்கம் சுருளுக்குப் பதிலாகச் சிங்க முகம் செதுக்கியிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டார். முகம் களையாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

பணத்தைக் கொடுத்துவிட்டு, வில்லைக் கொசுறாகக் கேட்டார். கத்தரிக்காய்க்குக் கறிவேப்பிலை கொடுத்துப் பழகிய மனுஷன்.

“வில்லு தனி அண்ணே. செருப்பு வாங்க வந்தா காலையும் சேத்தா கேப்பாக?” என்றார் அக்பர் அலி.

பொன்னுத்துரைக்குச் சுருக்கென்றது. வில் இல்லாமலே பிடிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

ராமுத்தாய் பிடிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை எதை வைத்துத் தேய்ப்பது என்று கேட்டாள். அவர் மூங்கில் வெட்டப் போனார். ஜட்கா வண்டிக்காரரிடம் குதிரைவால் மயிர் வாங்கி வந்து, தாமே ஒரு வில்லைக் கட்டினார். தேய்த்தார். சத்தமே வரவில்லை. பிடில் ஊமை, அக்பர் அலி ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை இவரைக் காணாமல் வாத்தியாரே தேடி வந்தார். மூங்கில் வில்லைப் பார்த்தவர் சிரிக்கவில்லை, இருமினார். மயிருக்குப் பிசின் கட்டி பூசாவிட்டால் எந்தப் பிடிலும் பேசாது என்று விளக்கினார். பிறகு கம்பிகளைச் சுருதி கூட்டி, தம் வில்லால் ஒரு இழுப்பு இழுத்தார். அடிவயிற்றைத் தொடுகிற மாதிரி ஒரு நாதம் எழுந்தது.

“தெரிஞ்சா எடுத்தீக?” என்று வாத்தியார் ஆச்சரியப்பட்டார்.

பொன்னுத்துரை மீசையைத் தடவிக்கொண்டார். ராமுத்தாய் மட்டும் சிங்கத்தைப் பார்த்தாள்.

வில் வாங்க மூவருமாகப் போனார்கள். பொன்னுத்துரை ரோஷத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். வாத்தியார் ஒவ்வொரு வில்லாக இழுத்துக்காட்ட, ராமுத்தாய்தான் இது கீச்சிடுகிறது, இது வழுக்குகிறது என்று தள்ளிக்கொண்டே வந்தாள். கனமில்லாமல் கைக்கு அடங்கிய ஒன்றில் இருவரும் ஒத்துப்போனார்கள். அக்பர் அலி ஒரு பிசின் கட்டியைக் காகிதத்தில் மடித்து, காசு கேட்காமல் பொன்னுத்துரையின் மடியில் வைத்தார். சுவரைப் பார்த்திருந்தவர் அப்போதுதான் திரும்பினார்.

கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆயின. தோட்டத்துக் காவல் நாய் இடம் மாறிப் படுத்துக்கொண்டது. ராமுத்தாய் அடுப்படியில் இருந்தபடியே “இறங்குது, இறங்குது” என்பாள். அவர் விரலை ஏற்றிக்கொள்வார்.

அறுபத்து நாலாம் வருஷம் வாத்தியார் அவரைக் கிறிஸ்துமஸ் பாட்டுக்குத் துணை வாசிக்க அழைத்தார். நெற்றியில் விபூதியோடு பாடகர் குழு நடுவில் உட்கார்ந்து, வேர்க்க விறுவிறுக்க வாசித்தார் பொன்னுத்துரை. ராமுத்தாய் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அங்கே வாசிப்பவர்களில் உங்கள் வீட்டுக்காரர் யார் என்று பக்கத்திலிருந்த அம்மாள் கேட்டாள்.

“செத்த பொறுங்க, பாட்டு முடியட்டும்,” என்றாள் ராமுத்தாய். “எல்லாரும் நிப்பாட்டுன பெறகு ஒருத்தரு முடிப்பாரு. அவருதான்.”