அக்காவின் இண்டிகேட்டர்

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, கார் ஓட்டுவாள். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், கேட்பவர்கள் என் முகத்தை ஒருதரம் ஏற இறங்கப் பார்ப்பார்கள். மருத்துவச் சான்றிதழுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் அவள் நடந்த நடை தனிக் கதை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திர உதிரிபாகங்களை அளந்து சரிபார்க்கும் வேலை அவளுக்கு. சொந்தச் சம்பாத்தியத்தில் பழைய கார் ஒன்றை வாங்கி, கொரட்டூரிலிருந்து தினமும் அதில்தான் போய்வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் திருமழிசைக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வலப்பக்கம் திரும்புவதற்காக அக்கா இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, நிதானமாகத்தான் வளைத்தாள். பின்னால் வந்த தண்ணீர் லாரி எங்களை முந்தப் பார்த்து, ஒரு சாண் இடைவெளியில் அலறி நின்றது. ஓட்டுநர் குதித்து இறங்கினார்.

"அவ்ளோ தூரத்துலருந்து ஆரன் அட்ச்சிகினே வரேன், காதுல உழல?"

"உழாதுண்ணே. அக்காவுக்குக் காது கேக்காது" என்றேன்.

அவர் முகம் மாறியது. "இண்டிகேட்டராவது போடக் கூடாதாம்மா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

போட்டுத்தான் இருந்தாள். இறங்கிப் பார்த்தால், மங்கிப்போன மூடிக்குள் பல்பு எரிவதே வெயிலில் தெரியவில்லை.

காரை விற்றுவிடலாம் என்று அன்று மாலை வீட்டில் முதலில் சொன்னவன் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அக்கா வழக்கம்போல் ஜாடையில் பதில் சொல்லாமல், ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: "நான் சொன்னது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அதைச் சரிசெய்தால் போதும்."

எல்இடி பல்புகளை வாங்கி நான்கு மூலையிலும் அவளே மாற்றினாள். நடுப்பகலிலும் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் முன்பைவிட இருமடங்கு வேகத்தில் படபடவென்று மின்னியது. பூந்தமல்லியில், மெட்ரோ வேலை நடக்கும் இடத்தை ஒட்டியிருந்த பட்டறைக்கு ஓட்டிப்போனோம். மெக்கானிக் அக்காவைப் பார்க்காமல் என்னிடமே பேசினார்.

"எல்இடி கரண்ட்டு கம்மியா இழுக்கும். ஒரு பல்பு பூட்ச்சுன்னு நென்ச்சிகினு ரிலே வேகமா அடிக்குது. நல்லாத்தான கீது, அப்டியே உட சொல்லு தம்பி."

அவர் உதடுகளைக் கவனித்துக்கொண்டிருந்த அக்கா கூடாது என்று தலையை ஆட்டினாள். கைபேசியில் எழுதி அவரிடமே நீட்டினாள்: "வேகமாகப் பேசுகிறவர்கள் சொல்வது எனக்குப் புரியாது. என் வண்டியும் அப்படிப் பேசக் கூடாது."

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் அந்த ரிலேயில், எல்இடிக்கென்றே இருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பழையது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் சிக்கல். 'டிக் டிக்' சத்தத்தை வைத்துத்தான் தேட வேண்டும். வெளியே துளைபோடும் இயந்திரத்தின் இரைச்சலில், டேஷ்போர்டில் காதை ஒட்டவைத்தும் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா அவரை விலகச் சொல்லி ஜாடை காட்டினாள். குனிந்து ஸ்டியரிங்குக்கு அடியில் கையை நுழைத்தாள். விரல்கள் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுத் தொட்டு நகர்ந்தன. அதிர்வு தட்டிய இடத்தில் நின்றாள், பிடுங்கினாள். விளக்குகள் மின்னுவது நின்றது. உள்ளங்கையில் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி.

மெக்கானிக் முதல்முறையாக அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி, உதடு நன்றாகத் தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "இன்னாமா... நாங்க காத வெச்சி தேடிகினு கீறோம். நீ வெரல வெச்சே புட்ச்சிட்ட!"

அக்கா சிரித்தாள்.

புது ரிலே, பல்பு போனால் காட்டிக்கொடுக்காது என்றும் அவர் சொல்லி அனுப்பினார். அதனால் அக்கா தினமும் கிளம்புவதற்கு முன் காரை ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு விளக்குகளையும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். அந்த ரிலேயில் சத்தமும் இல்லை. எப்போதாவது நான் ஓட்டும்போது, திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்க மறந்து நெடுந்தூரம் போய்விடுவேன். பக்கத்தில் இருந்து அக்கா என் தோளைத் தட்டி, டேஷ்போர்டில் மின்னும் அம்புக்குறியைக் காட்டுவாள்.

இத்தனை வருடங்களில் அந்தக் காரில் ஒரே ஒரு கீறல்தான். அது நான் ஓட்டியபோது விழுந்தது.